வாசலில் நிற்காத பஸ்

போன வாரம் அத்தை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன இடத்தில் விட்டிருந்தோம். இதற்குள் சமாதானமாகியிருப்பார் என்று யாராவது நினைத்திருந்தால், அவர்களுக்கு இந்த அத்தையை இன்னும் சரியாகத் தெரியவில்லை. விடிந்தும் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. மருமகள் வைத்துவிட்டுப் போன டம்ளர் ஜன்னலில் ஆறிக்கொண்டிருந்தது.

கோபத்துக்குக் காரணம் ஒரு பஸ்.

அத்தையின் மகன் பஸ் டிரைவர். அவர் ஓட்டும் பஸ் சொந்தத் தெரு வழியாகவே போகிறது. யார் எந்த வாசலில் நின்று கை காட்டினாலும் நிறுத்திவிடுவார். கைக்குழந்தைக்காரிக்கு நிறுத்துவார், மூட்டை தூக்கி வருபவருக்கு நிறுத்துவார், 'இதோ வந்துட்டேன்' என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தாலும் நிறுத்துவார். தெரு அவருக்கு வைத்த பேர் 'பிரேக்'. தெருக்கோடியில் கூரையும் பெஞ்சுமாக ஒரு பஸ் ஸ்டாப் இருக்கத்தான் இருக்கிறது. அதில் பூனை படுத்துக்கொள்ளும்.

அந்த நல்ல மனசுதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது.

தெரு நடுவில் இருந்த சினிமா தியேட்டரை இடித்துவிட்டுக் கண்ணாடியும் கம்பியுமாக ஓர் அடுக்குமாடி எழும்பியிருக்கிறதல்லவா, அதில் குடிவந்தவர்கள் போக்குவரத்து அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தார்கள். பஸ் இரைகிறது, புகைகிறது, தெருவின் அழகைக் கெடுக்கிறது, பைபாஸ் வழியாகத் திருப்பிவிடுங்கள். அலுவலகம் ஓர் இளைஞரை அனுப்பியது. ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்று எண்ணிச் சொல்வது அவர் வேலை. நேற்றுவரை ஒத்திகை. இன்றைக்குத்தான் கணக்கு. ஸ்டாப்பில் ஆள் இல்லை என்றால் தெருவுக்கு பஸ் இல்லை.

இந்த விவகாரத்தை முதலில் மோப்பம் பிடித்தவள் மருமகள். ஸ்டாப்பை ஒட்டி அவளுக்கு ஒரு சின்னக் கடை. பை, பெட்டி, ஜிப், வார், எது அறுந்தாலும் தைத்துக் கொடுப்பாள். ஜிப்பக்கா என்றால் குழந்தைக்கும் தெரியும். எண்ண வந்த இளைஞர் தன் தோள்பையின் ஜிப்பைச் சரிசெய்யக் கொடுத்தபோது அவள் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தாள்.

"தம்பி, ஜனங்க வாசல்லயே ஏறிக்கறாங்களோ என்னவோ?"

"அதெல்லாம் கணக்குல வராதுக்கா. ஸ்டாப் இல்லாத இடத்துல நிறுத்தறது பெரிய தப்பு. அப்படி யாராவது நிறுத்தறாங்களா? எந்த டிரைவர்னு சொல்லுங்க, எழுதிடறேன்."

ஜிப்பக்கா வாயில் ஜிப் போட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் புருஷன் வேலை போகும், சொல்லாவிட்டால் பஸ் போகும். மிச்சமிருந்த வழி ஒன்றுதான். நேற்று மாலை வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்: நாளைக்கு எல்லாரும் ஸ்டாப்புக்கு வந்து ஏறுங்க, பஸ் வாசலில் நிற்காது. தெருவே சிரித்தது. "யாரு, பிரேக்கா? நிறுத்தாமலா? நடக்கற கதையாப் பேசுக்கா."

வீட்டுக்கு வந்து அதையே சொன்னபோது அத்தை சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளினார்.

இனி இன்றைய கதை.

டிரைவர் யூனிஃபார்ம் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பட்டன் மாறிப்போயிருந்தது. ஜிப்பக்கா அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"ஏங்க, நினைப்பிருக்கட்டும். ஸ்டாப்புல மட்டும்தான்."

"அம்மா நின்னாலுமா?"

"அத்தை நின்னாலும்தான். அவங்களுக்கு நிறுத்திட்டு அடுத்த வாசல்ல எப்படி நிறுத்தாம போவீங்க?"

"எனக்குப் புரியுது. என் காலுக்குப் புரியணுமே. கை காட்டினா அது தன்னால பிரேக்குக்குப் போயிடுது."

"காலைக் கட்டி வச்சுடவா?"

"யாரு யார் காலைக் கட்டறது?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

அத்தை வெளியே வந்தார். தலை வாரி, கைப்பை மாட்டி, புறப்பட்டாயிற்று. முழங்கால் வைத்தியத்துக்குப் போகிற நாள். இடிக்கப்பட்ட அந்தத் தியேட்டரில் காலமெல்லாம் டிக்கெட் கொடுத்தவர் அவர். இன்றும் ஊருக்கு அவர் டிக்கெட்டம்மாதான். மைக் இல்லாமல் பேசினாலே பால்கனி வரைக்கும் கேட்ட குரல் அது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான் என் வாசல்லதான் நிப்பேன். கையைக் காட்டுவேன். பெத்தவளைப் பாத்துட்டு நிறுத்தாம போறானான்னு பாத்துடறேன்."

"அத்தை, இன்னிக்கு ஒரு நாள்..."

"இந்தா, எம்மவனுக்கும் எனக்கும் நடுவுல நீ டிராபிக் போலீஸ் வேலை பாக்காதே."

மகன் இருவரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் ஜிப்பக்கா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நடக்கும்போதே தெருவைப் பார்த்துக்கொண்டு போனாள். பழக்கடை இருந்த இடத்தில் காப்பிக்கடை, காப்பிக்கடை இருந்த இடத்தில் நாய்க்கு முடிவெட்டும் கடை. மூலைவீட்டுக்காரர்கள் போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டார்கள். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கிற கதையாக இருக்கிறதே என்று எரிச்சல் வந்தது. பஸ்ஸும் போனால் அத்தையின் வைத்தியம் போகும். வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வேறு பேட்டை பார்ப்பார்கள். அப்புறம் இது யார் தெரு?

ஸ்டாப்பில் இளைஞர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூனை. கையில் எண்ணுகிற கருவி, கட்டைவிரலால் அழுத்தினால் டிக் என்று சொல்லும். ஏற வேறு யாரும் இல்லை. ஜிப்பக்கா கடையைத் திறந்து ஊசியும் நூலுமாக உட்கார்ந்தாள். சொன்னோமே, ஒரே ஒரு ஆளாவது வரக்கூடாதா? தெரு முழுக்க அவரவர் வாசலில் அவரவர் ஒய்யாரமாக நின்றுகொண்டிருந்தார்கள். தெரு நேரானது. எல்லாம் தெரிந்தது.

பஸ் மேல்முனையில் திரும்பியது.

முதல் வாசலில் தையல்காரர் கையை நீட்டினார். பஸ் நிற்கவில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையைச் சொறிந்தார். அடுத்து நர்ஸ், அவளைத் தாண்டியது. அடுத்து கணக்கு டீச்சர், குடையை ஆட்டினாள், தாண்டியது. வாசல்களிலிருந்து கூச்சல் கிளம்பியது. "ஓய் பிரேக்! கண்ணு தெரியலையா?"

அப்புறம் அத்தை. நடுரோட்டில் முக்கால்வாசி இறங்கி, கையை உயர்த்தி, நிமிர்ந்து நின்றார்.

பஸ் மெதுவாகியது. ஜிப்பக்கா கையிலிருந்த ஊசியை விட்டுவிட்டாள். அவள் மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. நிறுத்தாதீங்க என்று ஒரு பக்கம். ஐயோ, பாவம், அம்மாங்க அது, நிறுத்திடுங்க என்று இன்னொரு பக்கம். மாமியாருக்காகத் தன் மனசு இப்படி அடித்துக்கொள்ளும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

பஸ் ஒதுங்கி, அத்தையைத் தாண்டி வந்துவிட்டது.

ஸ்டாப்பில் வந்து நின்றபோது டிரைவரின் கண் சிவந்திருந்தது. ஜன்னல் வழியாக மனைவியைப் பார்த்தார்.

"அம்மாவை விட்டுட்டு வந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஏற யாருமில்லை. ஆனால் அவள் கொஞ்சமும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பின்கதவு திறந்து ஆட்கள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சமையல்காரம்மாக்கள், காவலாளிகள், குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண்கள், தோட்டக்காரர். தினமும் அடுக்குமாடி கேட்டிலேயே இறங்கிப் பழகியவர்கள், இன்றைக்கு அங்கே நிறுத்தாததால் இங்கே இறங்கி, பிரேக்கின் ஏழு தலைமுறையையும் வைதபடி திரும்பி நடந்தார்கள்.

டிக், டிக், டிக், டிக்.

இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருக்கா இவங்கல்லாம்?"

"மனுக் கொடுத்தாங்க பாருங்க தம்பி, அவங்க வீட்ல சமைக்கறவங்க."

இளைஞரின் புருவம் மேலே போனது. பஸ் கிளம்பியது. ஊரைச் சுற்றிக்கொண்டு அது மறுபடி இதே வழியாக வரும். இறங்கியவர்கள் சரி, ஏற ஆள் வேண்டாமா? ஜிப்பக்கா தெருவைப் பார்த்தாள். பார்த்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

அத்தை வந்துகொண்டிருந்தார்.

ஒரு கை முழங்காலில், ஒரு கை இடுப்பில். நாலடி வைப்பார், நிற்பார், வைவார், மறுபடி நாலடி. "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க! பாத்தியாடி நர்ஸு, பாத்தியா? வா, நீயும் வா! அடுத்த தடவை ஸ்டாப்புக்குத்தானே வரணும் அவன்? வரட்டும். ஏறி உக்காந்து கேக்கறேன், நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி!"

பஸ்ஸைத் தவறவிட்ட கோபம் எல்லாருக்கும் இருந்தது. அதைச் சொல்ல டிக்கெட்டம்மாவின் குரல் கிடைத்தது. தையல்காரர் சேர்ந்துகொண்டார். டீச்சர் சேர்ந்துகொண்டாள். ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒருவர் இருவராக இறங்கி அத்தையின் பின்னால் நடந்தார்கள். வீடு வீடாகப் போய் ஜிப்பக்கா கெஞ்சியும் நடக்காத காரியத்தை அத்தையின் வசவு நடத்திக்கொண்டிருந்தது.

சந்தோஷப்பட நேரமில்லை. அத்தை வருவது ஸ்டாப்புக்கு. ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பவர் இளைஞர். அத்தை வாயைத் திறந்து 'இத்தனை வருஷமா வாசல்லதானே நிறுத்தினான்' என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், மகன் வேலைக்கு அன்றே முற்றுப்புள்ளி.

"அத்தை, உக்காருங்க, தண்ணி குடிங்க..." என்று ஓடினாள்.

"தள்ளு. உன் தண்ணி எனக்கு வேண்டாம்."

கூட்டத்தைப் பார்த்து இளைஞரே எழுந்து வந்துவிட்டார். "என்னம்மா பிரச்சனை? டிரைவர் மேல கம்ப்ளெயின்டா? என்கிட்டயே சொல்லலாம். என்ன பண்ணினார்?"

ஜிப்பக்கா அத்தையையே பார்த்தாள். கண்ணால் கெஞ்சினாள்.

அத்தை மருமகளைப் பார்த்தார். இளைஞரின் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். தன் பின்னால் வந்து நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று அவருக்கு! கவுண்டர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முண்டியடிக்கும் தலைகளைக் கண்டு வளர்ந்த கண் அது. முகம் மெல்ல மாறியது.

"கம்ப்ளெயின்ட்தான்" என்றார். "எழுதிக்க தம்பி. இந்தத் தெருவுக்கு ஒரு பஸ் பத்தலை. இன்னொண்ணு விடணும்."

"ஆங்?"

"ஆங் என்ன ஆங்? இந்தக் கூட்டத்தைப் பாரு. ஒரு பஸ்ல அடையுமா? நாங்க என்ன தலைமேல ஏறிப் போறதா?"

ஜிப்பக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அத்தை அதற்குள் வேலையில் இறங்கிவிட்டார். "ஏய், என்ன இடிச்சுக்கிட்டு? வரிசையில நில்லுங்க! தையக்காரரே, அங்க என்ன புதுசா ஒரு வரிசை? குழந்தை வச்சிருக்கறவங்க முன்னால! வயசானவங்க எனக்குப் பின்னால!"

அப்போதுதான் அடுக்குமாடிச் சங்கத் தலைவர் நாயோடு வந்தார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. நாய் இழுத்த இழுப்புக்கு வந்தவர், கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னங்க இது? தெருவையே அடைச்சுக்கிட்டு? அதோட எங்க வீட்டுச் சமையக்காரம்மாவை வேற இன்னும் காணோம்."

"வந்தாங்க, வந்தாங்க. இப்பத்தான் இந்த பஸ்ல வந்து இறங்கி நடந்தாங்க" என்றார் அத்தை. "இது பைபாஸ்ல போச்சுன்னா, மத்தியானச் சாப்பாடு ராத்திரிக்குத்தான் வரும். பரவாயில்லையா உங்களுக்கு?"

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னாலிருந்து யாரோ முந்திக்கொண்டார்கள். அவர் கட்டடத்திலேயே குடியிருக்கிற இளம் பெண்தான், தள்ளுவண்டியில் குழந்தையோடு. "அங்கிள், நானும் பஸ்லதான் வேலைக்குப் போறேன். மனுக் கொடுக்கறதுக்கு முன்னால எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"குழந்தையோட முன்னால வாம்மா" என்று அத்தை அவளுக்கு வழிவிட்டார். தலைவரை நாய் வீட்டுப்பக்கம் இழுத்தது. அவரும் போய்விட்டார்.

பஸ் மறுபடி மேல்முனையில் திரும்பியது. இந்தத் தடவை எந்த வாசலிலும் யாரும் இல்லை. டிரைவர் காலியான தெருவில் ஓட்டிக்கொண்டு வந்து, ஸ்டாப்பைப் பார்த்ததும் அசந்துபோய் ஹாரனைத் தட்டிவிட்டார்.

கதவு திறந்தது. முதல் ஆளாக அத்தை ஏறினார். ஜிப்பக்கா கீழே நின்றாள்.

"அம்மா..." என்றார் டிரைவர். "கால் வலிக்குதாம்மா?"

"வலிக்குது. பேசாம ஓட்டு." முன்சீட்டில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், "நீ நிறுத்தியிருந்தா உன்னை மன்னிச்சிருக்கவே மாட்டேன், முட்டாப்பயலே" என்றார். இந்த அந்தர்பல்டியை அவர் எப்போது அடித்தார் என்பது நமக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

டிக், டிக், டிக் என்று சத்தம் நிற்கவே இல்லை. இளைஞர் ஒரு கட்டைவிரல் வலித்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். கடைசி ஆள் தொற்றிக்கொண்டதும் உள்ளேயிருந்து ஒரு குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"ஹவுஸ் ஃபுல்!"

தியேட்டர் போன பிறகு அந்தத் தெருவில் அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. ஜிப்பக்கா தன்னை மறந்து கை தட்டினாள்.

நாள் முழுக்க அப்படித்தான் போனது. சாயங்காலம் இளைஞரின் மேலதிகாரியம்மாவே வந்துவிட்டார். எண்ணிக்கையை ஃபோனில் கேட்டு நம்பாமல், நேரில் பார்க்க அதே பஸ்ஸில் ஏறி, உட்கார இடமில்லாமல் வழி நெடுக நின்றுகொண்டு, வார் அறுந்த கைப்பையோடு இறங்கி வந்தார். ஜிப்பக்கா அதை வாங்கித் தைத்துக்கொண்டே காது கொடுத்தாள். வைத்தியம் முடிந்து வந்த அத்தை கடை நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து டிரைவரும் வந்துவிட்டார். தெருவில் பாதி அங்கேதான் நின்றது.

"இந்த ரூட்டை எடுத்தா என்னைத்தான் தேடி வந்து உதைப்பாங்க" என்றார் அதிகாரி. "பஸ் இங்கேயே ஓடும். இன்னொரு பஸ்ஸுக்கும் நானே எழுதறேன்."

தெரு கூச்சலிட்டது. தையல்காரர் டிரைவரைத் தூக்கப் பார்த்து முடியாமல் கட்டிக்கொண்டார்.

"இன்னொரு விஷயம்" என்றார் அதிகாரி. "இந்த டிரைவரை வர்ற வழியெல்லாம் கவனிச்சேன். ஸ்டாப்பைத் தவிர ஒரு இடத்துலகூட நிறுத்தலை. என்ன ஒழுங்கு! இப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்லை."

நர்ஸுக்குப் பொய் இருமல் வந்தது. டீச்சர் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். டிரைவர் தரையைப் பார்த்தார். அத்தை மட்டும் கொஞ்சமும் அசராமல், "சின்ன வயசுலேருந்தே அப்படித்தாம்மா" என்றார்.

அதிகாரி போனதும் சிரித்த சிரிப்பில் பூனை எழுந்து ஓடிவிட்டது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் நாத்தனார் வந்தாள். டிரைவரின் தங்கை, அடுக்குமாடியின் விற்பனை ஆபீஸில் வேலை பார்ப்பவள். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணி, இவ்வளவு கூட்டத்தைப் பாத்ததும், பஸ்ஸை எடுக்க மாட்டாங்கன்னு மத்தியானமே ஆபீஸ்ல போர்டு மாத்திட்டாங்க. 'பஸ் வசதி உண்டு'ன்னு பெரிசாப் போட்டு, விலையையும் ஏத்திட்டாங்க."

"போடட்டுமே."

"கேளுங்க அண்ணி. நம்ம ஹவுஸ் ஓனர் வந்திருந்தார். இனிமே நம்ம கட்டடம் என்ன விலைக்குப் போகும்னு விசாரிச்சார். இப்ப நம்ம வீட்லதான் இருக்கார். கூட ரெண்டு பேர், டேப் வச்சு ஒவ்வொரு ரூமா அளக்கறாங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. பஸ்ஸைக் காப்பாற்றப் போய் வீட்டுக்கு வினை வைத்துவிட்டோமோ? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தானோ? ஜிப்பக்கா அத்தையைப் பார்க்கப் பயந்தாள்.

"எதுல வந்தான் அவன்?" என்று கேட்டார் அத்தை.

"யாரும்மா?"

"ஓனரு. எதுல வந்தான்?"

"நம்ம பஸ்லதான். கூட்டத்துல சட்டை கசங்கிப்போச்சுன்னு புலம்பினார்."

"அப்ப அவனும் நம்ம கணக்குலதான் சேந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு அத்தை நாற்காலியின் பிடியை ஊன்றினார். முழங்கால் மடங்க மறுத்தது. மகன் தூக்க ஓடிவந்தார். அவரை விலக்கிவிட்டு அத்தை மருமகளைப் பார்த்தார்.

"நீ கையைக் குடு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து ஜிப்பக்கா கேட்டதில்லை. கொடுத்தாள். அத்தை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிடி வலித்தது. அவள் விடவில்லை.

"அத்தை, எல்லாம் என்னாலதான்..."

"ஆமா, உன்னாலதான். நீ இல்லேன்னா இன்னிக்கு பஸ்ஸும் போயிருக்கும், நானும் வீட்டோட கிடந்திருப்பேன். அழாம நட."

நாலடி வைத்தார். நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? அளக்கத்தானே வந்திருக்கான்? எல்லாரும் வாங்க. இங்க எத்தனை பேரு இருக்கோம்னு சேத்து அளந்துட்டுப் போகட்டும்."